உயிரணுக்கள் கேட்கும் மொழி

நுழையும்முன்

ஒருவர் சொல்ல, மற்றொருவர் கேட்டு, அதற்கேற்பச் செயல்படும்போதுதான் மொழி முழுமை பெறுகிறது. இத்தகைய சொல்லலும் கேட்டலும் மனித உடலுக்குள்ளும் ஓயாது நடைபெறுகின்றன. அங்கே வேதிப்பொருள்களே சொற்கள். உயிரணுக்களின் ஏற்பிகளே செவிகள். அந்த உரையாடலை அறிஞர்கள் எவ்வாறு கண்டறிந்தனர், அது பிறழும்போது உடலுக்கு நேர்வது என்ன என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மனித உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்பது அறிஞர்களின் மதிப்பீடு. செல் என்று வழங்கப்பெறும் இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சவ்வினால் மூடப்பட்டவை. எனினும் அவை தனித்தனியாக வாழ்வதில்லை. உணவு உண்டபின் குருதியில் சர்க்கரையின் அளவு உயர்கிறது. வயிற்றின் பின்புறம் இருக்கும் கணையம் அதனை உணர்கிறது. சிறிது நேரத்தில் தொடைத் தசையும் கொழுப்புத் திசுவும் சர்க்கரையை உள்வாங்குகின்றன. கல்லீரல் அதனைச் சேமித்து வைக்கிறது. கணையம் தொடைத் தசையைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆயினும் கணையத்தின் செய்தி தசைக்குச் சென்று சேர்ந்துவிடுகிறது. இது எங்ஙனம் இயல்கிறது?

நரம்பா, குருதியா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை உறுப்புகளுக்கு இடையே செய்தி கொண்டு செல்வது நரம்பு மண்டலமே என்னும் கருத்து வலுப்பெற்றிருந்தது. இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவு சிறுகுடலை அடைந்ததும் கணையம் செரிமான நீரைச் சுரக்கிறது. இதனையும் நரம்புகளின் வழியே நிகழும் அனிச்சைச் செயல் என்றே உருசிய அறிஞர் பாவ்லவின் ஆய்வகத்தார் கருதினர்.

1902ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகிய இருவரும் இக்கருத்தைச் சோதித்துப் பார்த்தனர். ஒரு நாயின் சிறுகுடற்பகுதியோடு இணைந்திருந்த நரம்புகளைத் துண்டித்துவிட்டு, அப்பகுதியில் அமிலத்தைச் செலுத்தினர். நரம்புத் தொடர்பு அறுந்திருந்தும் கணையம் வழக்கம்போலச் சுரந்தது. பின்னர்க் குடலின் உட்புறச் சவ்வைச் சுரண்டி எடுத்து, அமிலத்துடன் சேர்த்து அரைத்து வடிகட்டி, அவ்வடிநீரைக் குருதியில் செலுத்தினர். கணையம் மீண்டும் சுரந்தது. செய்தியைச் சுமந்து சென்றது நரம்பன்று. குருதியில் கலந்த வேதிப்பொருளே என்பது தெளிவாயிற்று. அப்பொருளுக்குச் 'செக்ரிட்டின்' எனப் பெயரிட்டனர். இத்தகைய பொருள்கள் அனைத்தையும் குறிக்க 1905இல் ஸ்டார்லிங் ஆண்ட சொல்லே 'ஹார்மோன்' என்பதாகும். 'தூண்டுதல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இது பிறந்தது.

இரண்டு தவளை இதயங்கள்

நரம்புகளுக்குச் செய்திப் பணியே இல்லை என்று இதனால் முடிவு செய்துவிட இயலாது. நரம்பின் முனைக்கும் அடுத்த உயிரணுவுக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அவ்விடைவெளியைச் செய்தி எவ்வாறு கடக்கிறது? மின்பொறிபோலத் தாவுகிறதா, வேதிப்பொருளாகக் கசிகிறதா? இவ்வினாவிற்கு ஆஸ்திரிய நாட்டின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஓட்டோ லோவி 1921இல் விடை கண்டார்.

அவர் இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து, அவை துடித்துக்கொண்டிருக்குமாறு உப்புக்கரைசலில் வைத்தார். முதல் இதயத்தோடு வேகஸ் என்னும் நரம்பு இணைந்திருந்தது. இரண்டாவது இதயத்தில் நரம்பு நீக்கப்பட்டிருந்தது. வேகஸ் நரம்பைத் தூண்டியதும் முதல் இதயத்தின் துடிப்பு மெதுவாயிற்று. அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தில் இட்டார். எந்த நரம்பும் தீண்டாத அவ்விதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பின் முனை ஒரு வேதிப்பொருளைக் கரைசலில் வெளியிட்டிருந்தது என்பதே இதன் பொருள். அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் உறுதி செய்யப்பட்டது. இவ்வாய்வுகளுக்காக 1936இல் லோவிக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆக, உடல் இருவகையாகச் செய்தி அறிவிக்கிறது எனலாம். ஹார்மோன் என்பது ஊர் முழுவதும் கேட்குமாறு அறையப்படும் முரசு. குருதியில் கலந்து உடலெங்கும் செல்கிறது. நரம்பு முனையில் கசியும் வேதிப்பொருள் காதோடு காதாகச் சொல்லும் சொல். அண்டையிலுள்ள உயிரணுவுக்கு மட்டுமே உரியது. முறைகள் வேறாயினும் இரண்டிலும் செய்தியாக அமைவது வேதிப்பொருளே.

செவியைத் தேடி

முரசொலி ஊரெங்கும் கேட்பினும் அச்செய்திக்கு உரியவரே செயல்படுகின்றனர். குருதியில் செல்லும் ஹார்மோனும் அவ்வாறே எல்லா உறுப்புகளையும் கடந்து செல்கிறது. ஆனால் சில உறுப்புகளே அதற்கு மறுமொழி தருகின்றன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் செய்தியில் இல்லை. அதனைப் பெறும் உயிரணுவில் இருக்கிறது.

இவ்வுண்மைக்கு வழி திறந்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் லாங்லி. நிகோட்டின் தசையைச் சுருங்கச் செய்யும். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்புகளில் தடவிய குராரே என்னும் நஞ்சு அச்சுருக்கத்தைத் தடுக்கும். தசைக்குச் செல்லும் நரம்பு அழிந்த பின்னரும் இவ்விரு விளைவுகளும் நிகழ்வதை லாங்லி கண்டார். எனவே இவை செயல்படும் இடம் நரம்பன்று. குராரே தாக்கிய தசையும் மின்தூண்டலுக்குச் சுருங்கியது. எனவே தசையின் சுருங்கும் பகுதியும் பழுதுபடவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே, செய்தியை ஏற்கும் பொருள் ஒன்று தசையில் இருத்தல் வேண்டும் என 1905இல் அவர் முடிவு செய்தார். அதுவே இன்று ஏற்பி எனப்படுகிறது.

ஏற்பி என்பது ஒரு புரதம். பெரும்பாலான ஏற்பிகள் உயிரணுவின் சவ்வை ஊடுருவி நிற்கின்றன. ஒரு பகுதி வெளியே நீண்டிருக்கும். மற்றொரு பகுதி உள்ளே இருக்கும். பூட்டில் அதற்குரிய திறவுகோல் பொருந்துவதுபோல, வெளிப்பகுதியில் அதற்குரிய வேதிப்பொருள் பொருந்துகிறது. பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் சற்றே மாறுகிறது. அம்மாற்றமே உள்ளே செய்தியாகிறது. செய்தி கொணர்ந்த பொருள் உயிரணுவுக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை. வாயிலில் வந்தவர் கூறியதைக் கேட்டு, வீட்டினுள் இருப்பவர் செயல்படுவது போன்றது இது.

உள்ளே செய்தியைச் சுமக்கும் இரண்டாம் தூதரைக் கண்டறிந்தவர் அமெரிக்க அறிஞர் ஏர்ல் சதர்லாண்ட். அட்ரினலின் கல்லீரலின் உயிரணுவைத் தொட்டதும், சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு உள்ளே பெருமளவில் உருவாவதை அவர் மெய்ப்பித்தார். அது நொதிகளை முடுக்க, அந்நொதிகள் மேலும் பல நொதிகளை முடுக்குகின்றன. இதனால் வெளியே வந்த சிறிதளவு செய்தி உள்ளே பன்மடங்கு பெருகுகிறது. 1971இல் சதர்லாண்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பிக்கும் இரண்டாம் தூதருக்கும் இடையே நின்று செய்தியைக் கைமாற்றும் ஜி-புரதங்களைக் கண்டறிந்த ஆல்ஃபிரட் கில்மன், மார்ட்டின் ராட்பெல் ஆகியோர் 1994இல் அப்பரிசைப் பெற்றனர்.

எல்லாச் செய்திகளும் வாயிலில் நின்றுவிடுவதில்லை. பாலின ஹார்மோன்கள், கார்ட்டிசால் போன்றவை கொழுப்பில் கரையும் தன்மையுடையவை. அவை சவ்வைக் கடந்து உள்ளே செல்கின்றன. அங்குள்ள ஏற்பிகளோடு இணைந்து மரபணுக்களின் செயற்பாட்டை மாற்றுகின்றன. இவற்றின் விளைவு மெதுவாகத் தோன்றி நெடுநேரம் நீடிக்கும்.

தெரிந்து தெளிவோம்

இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதம். 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு தொடரும், 30 கொண்ட மற்றொரு தொடரும் இணைந்து இதனை உருவாக்குகின்றன. அவற்றின் வரிசை முறையைக் கண்டறிந்த ஃபிரெடரிக் சாங்கர் 1958இல் நோபல் பரிசு பெற்றார். அதன் முப்பரிமாண வடிவத்தை 1969இல் டோரதி ஹாட்ஜ்கின் குழுவினர் வெளிப்படுத்தினர்.

ஒரு சொல், பல பொருள்

தமிழில் 'ஆறு' என்னும் சொல் எண்ணையும் குறிக்கும், நீர்ப்பெருக்கையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். சொல் ஒன்றே; அது வழங்கும் இடமே பொருளை உறுதி செய்கிறது. உடலின் மொழியிலும் இத்தன்மை உண்டு.

அச்சம் நேரும்போது அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் வெளிப்படுகிறது. அது இதயத்தை விரைந்து துடிக்கச் செய்கிறது. மூச்சுக்குழல்களின் தசைகளைத் தளர்த்துகிறது. குடலின் அசைவைக் குறைக்கிறது. கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளிப்படுத்துகிறது. ஒரே வேதிப்பொருள் ஓரிடத்தில் முடுக்குவதும் மற்றோரிடத்தில் தளர்த்துவதும் எங்ஙனம்? அமெரிக்க அறிஞர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் 1948இல் இதற்கு விளக்கம் தந்தார். அட்ரினலினைக் கேட்கும் ஏற்பிகள் ஒரே வகையின அல்ல என்று கூறி, அவற்றை ஆல்ஃபா, பீட்டா என இருவகைப்படுத்தினார். பீட்டா ஏற்பிகளிலும் உட்பிரிவுகள் உண்டு எனப் பின்னர் அறியப்பட்டது.

இவ்வறிவு மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. இதயநோயாளியின் குருதியிலிருந்து அட்ரினலினை நீக்க இயலாது. ஆனால் இதயம் அதனைக் கேளாதவாறு ஏற்பியை மறைக்கலாம் என ஜேம்ஸ் பிளாக் எண்ணினார். அதன் பயனாகப் பிறந்த மருந்தே புரோப்ரனலால். 1988இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதற்கு மாறாக, ஆஸ்துமா நோயாளர் உறிஞ்சும் சால்பியூட்டமால் மூச்சுக்குழலின் ஏற்பியில் பொருந்தி, அட்ரினலின் கூறும் சொல்லைத் தானே கூறுகிறது, மூச்சுக்குழல் விரிகிறது. ஒன்று செவியை மூடுகிறது. மற்றொன்று செவியில் உரைக்கிறது.

சொல் இன்மையும் செவி மந்தமும்

சொல்லுதலும் கேட்டலும் தனித்தனியே பழுதுபடக் கூடியவை என்பதற்கு நீரிழிவு நோய் தக்க சான்று.

முதல்வகை நீரிழிவில் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்துவிடுகின்றன. சொல்லே எழுவதில்லை. குருதியில் சர்க்கரை நிறைந்திருந்தும் தசைகள் அதனைப் பயன்படுத்த இயலாமல் உடல் மெலிகிறது. 1922க்கு முன்னர் இந்நோயுற்ற சிறுவர்களைப் பட்டினிக்கு நிகரான உணவுமுறையில் வைத்துச் சிறிது காலம் உயிர் வாழச் செய்வதே மருத்துவர்களால் இயன்றது. கனடாவின் டொராண்டோ நகரில் ஃபிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் மக்லியாடின் ஆய்வகத்தில் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. தூய்மை போதாமையால் போதிய பயன் கிட்டவில்லை. வேதியியல் அறிஞர் ஜேம்ஸ் காலிப் அதனைத் தூய்மையாக்கித் தர, ஜனவரி 23 முதல் மீண்டும் செலுத்தினர். சிறுவனின் குருதிச் சர்க்கரை விரைந்து குறைந்தது. அதன்பின் அவன் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். உடல் சொல்ல மறந்த சொல்லை ஊசி முனை சொல்லியது.

எனினும் இன்சுலின் எல்லார்க்கும் ஒரே வகையில் பயன் தரவில்லை. 1936இல் இலண்டன் மருத்துவர் ஹெரால்டு ஹிம்ஸ்வர்த் நோயாளர்க்குச் சர்க்கரையையும் இன்சுலினையும் ஒரே வேளையில் அளித்து ஆராய்ந்தார். சிலர்க்குச் சர்க்கரை கட்டுக்குள் நின்றது. சிலர்க்கு இன்சுலின் இருந்தும் உயர்ந்துகொண்டே சென்றது. நீரிழிவு ஒன்றன்று, இரண்டு என்று அவர் வேறுபடுத்திக் காட்டினார். 1960இல் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோர் குருதியிலுள்ள இன்சுலினை நுட்பமாக அளக்கும் முறையை நிறுவினர். நடுவயதில் நீரிழிவு தோன்றியோர் பலரது குருதியில் இன்சுலின் குறைவாக இல்லை. சிலரிடம் மிகுந்தே இருந்தது. சொல் உரக்க ஒலித்துக்கொண்டிருக்க, உயிரணுக்களின் கேள்வித்திறன் மங்கியிருந்தது. இதுவே இரண்டாம்வகை நீரிழிவின் அடிப்படையாகும். இங்குப் பெரும்பாலும் குறைபடுவது ஏற்பியின் எண்ணிக்கை மட்டுமன்று. ஏற்பியிலிருந்து உள்ளே செல்லும் செய்தித் தொடரும் தளர்கிறது. கேளாத உயிரணுக்களுக்காக மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து, காலப்போக்கில் கணையமும் சோர்ந்துவிடுகிறது.

இக்கேள்வித்திறனை மீட்க வழி உண்டு. சர்க்கரையை உள்ளே கொண்டு செல்லும் கடத்திப் புரதங்கள் தசை உயிரணுவின் உள்ளே காத்திருக்கின்றன. இன்சுலினின் செய்தி கிடைத்ததும் அவை சவ்வின் மேற்பரப்புக்கு வருகின்றன. தசை உழைக்கும்போதோ, இன்சுலினை எதிர்பாராமலேயே அவை மேற்பரப்பை அடைகின்றன. தொடர்ந்த உடற்பயிற்சி இன்சுலினைக் கேட்கும் திறனையும் கூர்மையாக்குகிறது. நடத்தலும் ஓடுதலும் விளையாடுதலும் பொழுதுபோக்கு மட்டுமல்ல. அவை உயிரணுக்களின் செவியைக் காக்கும் செயல்களுமாகும்.

நிறுத்தமும் மொழியின் பகுதி

நிறுத்தற்குறி இல்லாத தொடர் பொருள் மயக்கம் தரும். உடலின் செய்தியும் உரிய வேளையில் முடிவுற வேண்டும். குருதியிலுள்ள இன்சுலின் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடுகிறது. நரம்பு முனையில் கசியும் அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனுக்குடன் சிதைத்து, அடுத்த செய்திக்கு இடம் உண்டாக்குகிறது.

வயல்களில் தெளிக்கப்படும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் இந்நொதியை முடக்கிவிடுகின்றன. செய்தி முடிவின்றி ஒலிக்கிறது. கண்மணி சுருங்குகிறது, உமிழ்நீர் பெருகுகிறது, தசைகள் துடித்துத் தளர்கின்றன, மூச்சுத் திணறுகிறது. இந்நிலையில் மருத்துவர்கள் அட்ரோபின் என்னும் மருந்தைச் செலுத்துகின்றனர். அது நஞ்சை முறிப்பதில்லை. இதயம், சுரப்பிகள், மூச்சுக்குழல் ஆகியவற்றின் ஏற்பிகளை மறைத்து, ஓயாத அச்செய்தி அங்குக் கேளாமல் செய்கிறது. மருந்து தெளிப்போர் கையுறையும் முகக்கவசமும் அணிதலின் தேவை இதனால் விளங்கும்.

காலராவும் நிறுத்தம் இழந்த செய்தியே. காலராக் கிருமி வெளியிடும் நச்சுப்பொருளே நோய்க்குக் காரணம் என்பதை 1959இல் கொல்கத்தாவில் சம்புநாத் டே மெய்ப்பித்தார். அந்நஞ்சு குடல் உயிரணுவிலுள்ள ஜி-புரதத்தை ஓயாது செயல்படும் நிலையில் பூட்டிவிடுகிறது எனப் பின்னர் அறியப்பட்டது. சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகிக்கொண்டே செல்ல, உப்பும் நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. நோயாளி ஒரே நாளில் 10 லிட்டருக்கும் மேலாக நீரை இழக்க நேரிடலாம். ஆயினும் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உள்ளிழுக்கும் வேறொரு வழி குடலில் பழுதுபடாமல் இருக்கிறது. 1971இல் வங்கதேச ஏதிலியர் தங்கியிருந்த மேற்கு வங்க முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிசு, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரையே நோயாளர்க்குப் பருகத் தந்து, இறப்பைப் பெரிதும் குறைத்தார். இன்று ஒவ்வோர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இவ்வறிவின் எளிய வடிவமே.

உரைக்கும் சொல், கேட்கும் செவி, உரிய வேளையில் நிறுத்தம் ஆகிய மூன்றும் ஒத்தியங்கும்போது உடல் நலம் பெறுகிறது. இவற்றுள் எது பழுதுபட்டது என்று அறிந்த பின்னரே மருத்துவம் சரியான வழியைத் தேர்கிறது. சொல் இல்லாதவிடத்து ஊசியின் வழியே சொல்லைத் தருகிறது; செவி மங்கியவிடத்து அதனைக் கூர்மையாக்குகிறது; செய்தி ஓயாதவிடத்து ஏற்பியை மறைக்கிறது. சொல்லின் பயன் கேட்பவரிடத்தில் நிறைவடைகிறது என்பது மனிதரின் மொழிக்கு மட்டுமன்றி உயிரணுக்களின் மொழிக்கும் பொருந்தும் உண்மையாகும்.

கற்பவை கற்றபின்

1. 'சொல் ஒன்று, பொருள் பல' என்னும் தன்மைக்குத் தமிழிலிருந்து ஐந்து சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை இடம் எவ்வாறு உறுதி செய்கிறது என்பதை வகுப்பறையில் விளக்குக.

2. பூச்சிக்கொல்லி தெளிப்போர் மேற்கொள்ள வேண்டிய பாதுகாப்பு முறைகளை அருகிலுள்ள வேளாண் அலுவலரிடம் கேட்டறிந்து, அறிவிப்புப் பலகையாக எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. பேலிஸ், ஸ்டார்லிங் ஆகியோர் சிறுகுடலின் நரம்புகளைத் துண்டித்தமைக்குக் காரணம் யாது?

2. இரண்டாம் தூதர் என்பது எதனைக் குறிக்கிறது?

சிறுவினா

1. ஹார்மோனை முரசுக்கும், நரம்பு முனையில் கசியும் வேதிப்பொருளைக் காதோடு காதாகச் சொல்லும் சொல்லுக்கும் ஒப்பிட்டமையின் பொருத்தத்தை விளக்குக.

2. ஏற்பி என ஒன்று இருத்தல் வேண்டும் என்னும் முடிவுக்கு லாங்லி வந்தது எவ்வாறு?

நெடுவினா

நீரிழிவின் இருவகைகளையும் 'சொல்லுதல்', 'கேட்டல்' என்னும் அடிப்படையில் வேறுபடுத்தி, அவ்வேறுபாடு அறியப்பட்ட வரலாற்றைத் தொகுத்து எழுதுக.